பதினோரு டிகிரி

2025 ஆகஸ்ட் 28, வியாழன்

கட்டுரை அனுப்பிய ஆய்விதழின் ரெஃபரியிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. மூன்று பக்கம். முதல் இரண்டும் பாராட்டு. அதை எக்ஸ்பிரஸ் வேகத்தில் படித்துத் தள்ளிவிட்டேன். மூன்றாவது பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி. 2024 அக்டோபருக்குப் பிறகு, கோணம் ஏற்கெனவே தெரிந்த ஸ்டாண்டர்ட் நட்சத்திரங்களை அளந்தீர்களா? அளந்திருந்தால் அட்டவணை தரவும்.

அளக்கவில்லை.

அளக்கவில்லை என்று எழுதிப் போட வேண்டியதுதானே? கை வர மாட்டேன் என்கிறது. மதியத்திலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பருப்பைக் குக்கரில் போட்டுவிட்டு அடுப்பைப் பற்ற வைக்க மறந்து, அரைமணி நேரம் விசிலுக்காகக் காத்திருந்தேன். ஸ்வீட்டி வந்து எட்டிப் பார்த்து, “என்னம்மா, ஒங்க நட்சத்திரம் புஸ்ஸுனு போயிருச்சா?” என்றாள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்கு இந்த வாய்.

ஆகஸ்ட் 30, சனி

எனக்கு நானே ஒருமுறை தெளிவாகச் சொல்லிப் பார்க்கிறேன். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி.

அந்த நட்சத்திரத்தின் பட்டியல் பெயர் ஒரு டெலிபோன் நம்பர் மாதிரி இருக்கும். எனக்கு அது ரெட்டை. இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று ஒன்பது நாளில் சுற்றுகின்றன. பெரியது தன் வாயுவைச் சின்னதிடம் இழந்துகொண்டே இருக்கிறது. அந்த வாயு சின்னதைச் சுற்றி ஒரு தட்டாக நிற்கிறது. எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் எல்லாம் சேர்ந்து ஒரு புள்ளிதான். ஆனால் வாயுவில் பட்டுச் சிதறி வருகிற ஒளி ஒரு திசையில் மட்டும் கூடுதலாக அதிரும். இதற்குத்தான் தளவிளைவு, போலரைசேஷன், என்று பெயர். அந்தத் திசையின் கோணத்தை அளந்தால் கண்ணுக்கே தெரியாத தட்டு எப்படிச் சாய்ந்து கிடக்கிறது என்று சொல்லிவிடலாம்.

போன செப்டம்பரில் 112 டிகிரி. மழைக்காலம் முடிந்து டிசம்பரில் 123 டிகிரி. தட்டு மூன்றே மாதத்தில் பதினோரு டிகிரி திரும்பிவிட்டது. ரெட்டையில் ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது. இதுதான் என் கண்டுபிடிப்பு. நாற்பத்திரண்டு வயதில், மகளிர் கல்லூரியில் வாரம் பதினாறு மணிநேரம் பாடம் எடுத்துக்கொண்டு, எட்டு வருடம் பகுதிநேர ஆய்வு செய்து கண்டது.

பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு டிசம்பர் 31. கட்டுரை ஏற்கப்பட்ட கடிதம் இல்லாமல் ஆய்வேட்டை வாங்க மாட்டார்கள். தேதி தாண்டினால் பதிவு ரத்து.

சொல்லிப் பார்த்தாயிற்று. ரெஃபரிக்குப் பதில் மட்டும் இன்னும் எழுதவில்லை.

செப்டம்பர் 6, சனி

நெறியாளர் ராம்குமார் சாருக்குப் போன் செய்தேன். என்னைவிட ஆறு வயது சின்னவர். நான் அவரைச் சார் என்பேன், அவர் என்னை மேடம் என்பார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கருவி அதேதானே, யாரும் தொடவில்லையே என்றார். அதேதான் சார் என்றேன். அப்புறம் என்ன பயம், அக்டோபருக்கு முந்தைய அட்டவணையைப் போட்டு, கருவி நிலையானது என்று ஒரு வரி எழுதுங்கள் என்றார்.

சரி என்றேன். எழுதவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

சர்ச் முடிந்து வெம்பக்கோட்டை அணைக்கு வண்டியில் கூட்டிப் போனார் என் வீட்டுக்காரர் பிராங்க்ளின். திருத்தங்கல்லில் காலண்டர் அடிக்கிற அச்சகத்தில் இவர்தான் மெஷின் ஃபோர்மேன். சீசன் தொடங்கிவிட்டதால் இனி பொங்கல் வரை ஞாயிறு கிடைக்காது. தண்ணீர் குறைவு. வெயில் அதில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. என் போலராய்டு கூலிங் கிளாஸைக் கழற்றிக் கையில் பிடித்து மெல்லச் சாய்த்தேன். ஒரு சாய்வில் கூசல் அப்படியே போய்விட்டது. இன்னும் சாய்த்தால் திரும்ப வந்தது. ஸ்வீட்டிக்கும் காட்டினேன். நான் மலைமேல் வானாய்வுக் கூடத்தில் செய்வதும் இவ்வளவுதான், தண்ணீருக்குப் பதில் ரெட்டை என்றேன்.

“கண்ணாடியே கோணலா இருந்தா?” என்றாள்.

சும்மாதான் கேட்டாள். நான் கண்ணாடியைப் பைக்குள் போட்டு மூடினேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

தாளாளர் கூப்பிட்டுவிட்டார். 2026-க்கான கல்லூரிக் காலண்டரில் ஜனவரி பக்கம் எனக்காம். என் போட்டோ, பக்கத்தில் நட்சத்திரப் படம், கீழே: ‘விண்மீனின் திருப்பத்தைக் கண்ட நம் பேராசிரியை’. எட்டாயிரம் பிரதி. ஆர்டர் பிராங்க்ளினுடைய அச்சகத்துக்கே வந்திருக்கிறது. கட்டுரை இன்னும் ஏற்கப்படவில்லை ஐயா என்றேன். ஆகிவிடும் ஆகிவிடும், காலண்டர் காத்திருக்குமா என்று சிரித்தார்.

நானும் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். சந்தோஷமாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். போட்டோவுக்கு எந்தச் சேலை என்றுகூட யோசித்தேன்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூசை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலாளி குடும்பங்களையும் அழைத்திருந்ததால் சாயங்காலம் அச்சகத்துக்குப் போனேன். மெஷின்களைப் பிரித்துத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். தீபாராதனை முடிந்து பொரி கடலை கொடுத்தார்கள். நாளை லீவுதானே, நாளை மறுநாள் காலையே காலண்டர் வேலையைத் தொடங்கிவிடலாமா என்று முதலாளி பிராங்க்ளினிடம் கேட்டார். இவர் சொன்னது இது:

“அரை நாள் குடுங்கண்ணாச்சி. பூசைக்குக் கழட்டி மாட்டுன மெஷின நம்பி ஒத்தத் தாள் விடமாட்டோம். ரிஜிஸ்டர் கண்டிப்பா வெலகியிருக்கும்.”

நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்வதைத்தான் ரிஜிஸ்டர் என்பார்கள். எனக்கு அது புதுச் செய்தியே இல்லை, கல்யாணமாகி இத்தனை வருடமாக வருஷாவருஷம் கேட்கிற பேச்சு. இன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

போன வருடம் ஆயுத பூசை அக்டோபர் 11. நான் மலையில் இருந்தேன்.

ஐயோ.

அக்டோபர் 2, வியாழன்

காலையில் காளிராஜுக்குப் போன். அவர்தான் அந்த வானாய்வுக் கூடத்தில் தொலைநோக்கியை இயக்குபவர், ஒப்பந்த வேலை. எடுத்த எடுப்பிலேயே கத்திவிட்டேன். பெட்டியைக் கழற்றினீர்களா, யாரைக் கேட்டுக் கழற்றினீர்கள், எட்டு வருட உழைப்பு தெரியுமா உங்களுக்கு என்று என்னவெல்லாமோ. பெட்டி என்பது தளவிளைவை அளக்கிற கருவி. தொலைநோக்கியின் அடியில் மூன்று போல்ட்டில் தொங்கும்.

அவர் எல்லாம் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: “நீங்கதான டீச்சரம்மா சொன்னீக. பெட்டியையும் எறக்கித் தொடச்சிரட்டுமான்னு கேட்டேன். நல்லாத் தொடச்சு மாட்டுங்க, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போனீக.”

சொன்னேன். சொல்லியிருக்கிறேன். இப்போது அப்படியே கண்முன் நிற்கிறது. பூசை வேளையில் அங்கே நிற்க எனக்குக் கூச்சம். நின்றால் திருநீறு நீட்டுவார்கள், வேண்டாம் என்றால் அவர்கள் முகம் வாடும், வாங்கினால் எனக்கு ஒரு மாதிரி. அதனால் மதியமே கிளம்பிவிட்டேன். காளிராஜ் கட்டிக் கொடுத்த பொரியைப் பஸ்ஸில் முழுக்கத் தின்றேன். நோட்டில் ஒரு வரி எழுதவில்லை.

போல்ட் ஓட்டைகள் எப்படி இருக்கும் என்று கேட்டேன். நீளமா இருக்கும் டீச்சரம்மா, கொஞ்சம் அங்கன இங்கன வச்சாலும் உக்காந்துக்கிடும் என்றார்.

பெட்டி திரும்பி உட்கார்ந்தால், வானத்தில் எதைப் பார்த்தாலும் கோணம் அதே அளவு திரும்பித்தான் தெரியும்.

அக்டோபர் 3, வெள்ளி

தூக்கம் இல்லை. போய் இப்போது அளந்து பார்த்துவிடலாமா? முடியாது. ஜனவரியில் வேறு குழு வேறு கேமராவை மாட்ட, பெட்டியை மறுபடி இறக்கி ஏற்றிவிட்டார்கள். அன்றைய இருப்பு போயே போய்விட்டது.

அப்படியானால் யாராலும் நிரூபிக்க முடியாது. திரும்பியது பெட்டியா ரெட்டையா, யாருக்குத் தெரியும்?

இந்த நினைப்பு எனக்குள்தான் வந்தது. எழுதி வைக்கிறேன். பழைய அட்டவணையைப் போட்டு, ‘கருவி இந்தக் காலம் முழுவதும் மாற்றமின்றி இருந்தது’ என்று ரெஃபரிக்குப் பதிலும் தயாரித்துவிட்டேன். அனுப்பு என்கிற பட்டன்மேல் அம்புக்குறியை வைத்துவிட்டு எழுந்து போய்த் துணி மடித்தேன். வந்தேன். மறுபடி எழுந்து போய் மடித்த துணியை எடுத்து அடுக்கினேன்.

அக்டோபர் 4, சனி

ஒரு ஃபைல் இருக்கிறது.

2024 டிசம்பர் 19. ரெட்டைக்குப் பக்கத்தில் சாதாரண நட்சத்திரம் ஒன்று உண்டு. இடையில் கிடக்கிற விண்வெளித் தூசி எவ்வளவு கலப்படம் செய்கிறது என்று கணக்கிட அதைச் செப்டம்பரில் அளந்திருந்தேன், 64 டிகிரி. டிசம்பரிலும் ஒரே ஒரு தடவை அளந்தேன். மெல்லிய மேகம். ‘மேகம், வேண்டாம்’ என்று நோட்டில் எழுதி ஒதுக்கிவிட்டேன்.

ஆனால் அந்தப் பெட்டி ஒரு ஒளியை இரண்டாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஒப்பிடுகிற பெட்டி. மேகம் இரண்டையும் ஒரே அளவுதான் மங்க வைக்கும். கோணத்தைப் பெரிதாகக் கெடுக்காது. இது எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அந்தச் சாதாரண நட்சத்திரத்துக்குத் திரும்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை. அது 64 டிகிரியிலேயே இருந்தால் பெட்டி திரும்பவில்லை, நான் பிழைத்தேன். அதுவும் நகர்ந்திருந்தால் —

திறக்கவில்லை. நாளை.

அக்டோபர் 5, ஞாயிறு

பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூட ஏறவில்லை. வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல் திறந்தேன்.

75.

ரெட்டைக்கு 112, 123. இதற்கு 64, 75. இரண்டுக்கும் அதே பதினொன்று. பிழை வரம்பு அரை டிகிரி. மூன்று தடவை கணக்குப் போட்டேன், நாலாவது தடவை தாளில் கையால் போட்டேன். என்ன போட்டாலும் அதே பதினொன்றுதான், சனியன்.

ரெட்டையில் எதுவும் நடக்கவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

கல்லூரிக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன். இல்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

ராம்குமார் சாரிடம் சொன்னேன். போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

“மேடம், ரெஃபரி அந்த மேக ராத்திரியக் கேக்கலையே. அவருக்குத் தெரியவே தெரியாது. டிசம்பர் 31 தெரியும்ல?”

தெரியும் சார் என்றேன். யோசிங்க என்று வைத்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. எட்டு வருடமாக என்னை இழுத்துக்கொண்டு வருகிறவர். அவர் மேல் கோபப்படப் பார்த்தேன், கோபமே வரவில்லை. நாலு நாளைக்கு முந்தி நானும் இதைத்தானே நினைத்தேன்?

யோசித்தேன். பட்டம் கிடைக்கும். காலண்டர் வரும். எங்கேயோ யாரோ ஒருத்தர் என் கட்டுரையை நம்பி, அந்தத் தட்டு ஏன் திரும்பியது என்று கணக்குப் போட்டுத் தன் நாலைந்து வருடத்தைத் தொலைப்பார். அந்த ஆளை எனக்குத் தெரியாது, அவருக்கும் என்னைத் தெரியாது. ஆனாலும் அந்த ஆளின் நினைப்பாகவே இருக்கிறது.

அக்டோபர் 8, புதன்

சாப்பிடும்போது பிராங்க்ளினிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுகை வேறு, சோற்றுக் கையோடு. பூசைக்குக் கழற்றி மாட்டினார்கள் என்று சொன்னதும் இவருக்கு முழுசும் புரிந்துவிட்டது. எனக்கு ஒரு வருடம் பிடித்தது. மாட்டுனப்புறம் டெஸ்ட் தாள் விடலையா என்றார். இல்லை என்றேன். அச்சச்சோ என்றார்.

ஜனவரி பக்கம் நாளைக்கு மெஷின் ஏறுகிறதாம். பிளேட் போட்டாயிற்று.

“நிப்பாட்டவா, ஓட்டவா? ஒண்ணு சொல்லு. எட்டாயிரம் செவுத்துல தொங்கும், ஒரு வருசத்துக்கு.”

நிப்பாட்டுங்க என்றேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, நான் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன் என்று.

அக்டோபர் 9, வியாழன்

தாளாளரிடம் நானே போய்ச் சொன்னேன். நட்சத்திரம் திரும்பவில்லை ஐயா, கருவி திரும்பியிருந்தது என்றேன். வெளியே சொல்லாமல் இருந்தால் என்ன என்று கேட்டார். கட்டுரையைத் திரும்பப் பெறப் போகிறேன் என்றேன். கடைசியில், சரி போங்கள், புதுக் கல்லூரிப் பேருந்தின் போட்டோ இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்கிறோம் என்றார்.

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்தேன். கடைசியில் ஒரு பஸ்ஸிடம் தோற்றேன்.

அக்டோபர் 10, வெள்ளி

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று இதழுக்கு எழுதினேன். காரணத்தை ஒளிக்கவில்லை.

வானாய்வுக் கூடத்துக்குத் தனிக் கடிதம். முதலில் ‘ஊழியர் கருவியைக் கழற்றியபோது’ என்று எழுதினேன். அடித்தேன். ‘என் அனுமதியுடன் கழற்றப்பட்டது, குறித்து வைக்காததும், பிறகு ஸ்டாண்டர்டைப் பார்க்காததும் என் தவறு’ என்று எழுதினேன். காளிராஜின் ஒப்பந்தம் வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஒப்பந்தம். ‘ஊழியர்’ என்கிற அந்த ஒரு வார்த்தை போதும் அவரை வீட்டுக்கு அனுப்ப.

ராம்குமார் சாருக்கு நகல். பதில் இல்லை.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

ஊரெல்லாம் புகை. நாடு முழுக்க வெடிக்கிற பட்டாசைச் செய்து அனுப்பிவிட்டு இந்த ஊர்க்காரர்கள் இன்றைக்குத்தான் கால் நீட்டித் தூங்குகிறார்கள். எனக்கு மட்டும் கால் நிற்கவில்லை. மொட்டை மாடிக்கு எட்டுத் தடவை ஏறி இறங்கியிருப்பேன். சும்மா.

நவம்பர் 3, திங்கள்

காளிராஜ் கூப்பிட்டார். அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, விசாரித்தார்கள், உங்கள் கடிதத்தைக் காட்டினார்கள், வேலைக்கு ஆபத்து ஒன்றும் இல்லை என்றார். பெட்டிக்கும் அது தொங்குகிற வளையத்துக்கும் சேர்த்து ஒரே கோடாகத் தன் மகளின் நெயில் பாலிஷில் இழுத்து விட்டாராம். இனிமேல் யார் கழற்றினாலும் கோடு பார்த்து மாட்டலாம். எட்டு வருடத்தில் என் மண்டையில் உதிக்காத யோசனை.

நவம்பர் 22, சனி

திரும்பவில்லை என்றால் திரும்பவில்லை. ஆனால் டிசம்பர் அளவுகளைக் குப்பையில் போட வேண்டாமே? பதினொன்றைக் கழித்துவிட்டால் செப்டம்பரும் டிசம்பரும் ஒரே கணக்கில் உட்காருமே? இது ஏன் ஆறு வாரமாகத் தோன்றவில்லை? அழுதுகொண்டே இருந்தால் எங்கே தோன்றும்.

நவம்பர் 23, ஞாயிறு

உட்கார்ந்துவிட்டது. ஒன்பது நாள் சுற்றில் தளவிளைவு இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்குகிறது. முன்பு பாதிப் புள்ளிகளை ஒரு பக்கமும் பாதியை மறுபக்கமும் வைத்திருந்ததால் தெரியவே இல்லை. இதிலிருந்து அந்த இரண்டின் சுற்றுப்பாதை நம் பார்வைக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்லலாம். 71 டிகிரி, நாலு கூடக் குறைய. பெரிய விஷயம் இல்லை. யாரும் காலண்டரில் போட மாட்டார்கள். ஆனால் சரியானது.

ராம்குமார் சாருக்கு வரைபடத்தை மட்டும் அனுப்பினேன், ஒரு வார்த்தை எழுதாமல்.

நவம்பர் 25, செவ்வாய்

பதில் வந்தது. ‘புள்ளிகளுக்குப் பிழைக் கோடுகள் எங்கே?’

அவ்வளவுதான். ஆறு வாரத்துக்குப் பிறகு. எனக்கு அது போதும்.

டிசம்பர் 31, புதன்

பதிவு இன்றோடு ரத்து. புதுக் கட்டுரை அனுப்பி இரண்டு வாரம்தான் ஆகிறது. ராத்திரி ஆராதனைக்குப் போக வேண்டும். ஸ்வீட்டி என் தலையைப் பின்னிவிட்டாள், கேட்காமலே.

2026 பிப்ரவரி 11, புதன்

கட்டுரை ஏற்கப்பட்டது. நாலே பக்கம். நாற்பத்திரண்டு நாள் பிந்தி.

மார்ச் 16, திங்கள்

பல்கலைக்கழகத்துக்குப் போனேன். புதுப் பதிவு, முதலாம் ஆண்டு, பகுதிநேரம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் போன வருடம் என்னிடம் பி.எஸ்சி. படித்த பிள்ளையின் அக்கா. மிஸ் நீங்க யாருக்கு ஃபாரம் வாங்க வந்தீக என்று கேட்டாள். எனக்குத்தான் என்றேன்.

படிவத்தில் ஒரு கட்டம்: ‘முந்தைய பதிவு ரத்தாகியிருப்பின் காரணம்’. நான் எழுதியிருந்தது: ‘ஆயுத பூசையன்று கருவியைக் கழற்றி மாட்டியதைக் குறித்து வைக்கவில்லை. அதனால் வந்த பிழையைக் கண்டு கட்டுரையைத் திரும்பப் பெற்றேன்.’ கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்திலும் ஏறியிருந்தது. கீழே நெறியாளர் கையெழுத்து. ராம்குமார் சார் அதை இரண்டு தடவை படித்தார், பிறகுதான் பேனாவை எடுத்தார்.

கவுண்டரில் இருந்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

“இவ்வளவு எதுக்கு மேடம்? காலம் முடிஞ்சிருச்சுன்னு ரெண்டு வார்த்தை போடுங்க. இத யாரு படிக்கப் போறா? வேற ஃபாரம் தரட்டுமா?”

இருக்கட்டும் சார் என்றேன். முத்திரை குத்திக் கொடுத்தார்.